‘அந்த இடத்துல’ வரும் கட்டி: கூச்சப்படாம பேசுவோம்

1/ பெண்களின் பிறப்புறுப்புப் பகுதியில் வரும் வலியுள்ள கட்டிகளைப் பற்றி ஒரு நீண்ட த்ரெட். வேளச்சேரியில் மகளிர் மருத்துவராக இருக்கேன். இந்தக் கட்டியோட வர்றவங்களை அடிக்கடி பார்க்கிறேன். ரெண்டாம் நாளே வந்திருக்க வேண்டியவங்க பெரும்பாலும் எட்டாம் நாள், பத்தாம் நாள்தான் வர்றாங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை சின்ன விஷயம். அதைப் பெரிய விஷயமாக்குறது தாமதம். அந்தத் தாமதத்துக்குக் காரணம் பெண்களோட அலட்சியம்னு நான் நம்பல. வெளியே சொன்னா என்ன நினைப்பாங்களோங்கிற பயத்தை நாம எல்லாரும் சேர்ந்துதான் உண்டாக்கி வச்சிருக்கோம். டாக்டர்களும் இதில் அடக்கம்.

3/ யாரெல்லாம் வர்றாங்க? தரமணி பக்கம் ஐ.டி. கம்பெனியில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற பொண்ணு. விஜயநகர் பக்கம் ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு பாத்ரூமைப் பகிர்ந்துக்கிற மாணவி. குழந்தை பிறந்து மூணு மாசம் ஆன அம்மா. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுற ஐம்பத்தஞ்சு வயசு அத்தை. கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க, எல்லாரும்தான்.

4/ உள்ளே வந்து உட்கார மாட்டாங்க. நாற்காலி நுனியில் ஒரு பக்கமா சாய்ஞ்சு உட்காருவாங்க. “வெள்ளைப்படுது டாக்டர்”னு ஆரம்பிப்பாங்க. “இடுப்பு வலி”ம்பாங்க. கிளம்புற நேரத்துல கதவுப் பக்கம் பார்த்துட்டு மெதுவா, “அங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு”ன்னு வரும். அந்த ஒரு வரியைச் சொல்ல அவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி வீட்டில் பத்து நாள் ஆகியிருக்கும்.

5/ முதல்ல அது என்னன்னு பார்ப்போம். யோனி வாசலின் ரெண்டு பக்கமும், தோலுக்கு அடியில், பட்டாணி அளவில் ரெண்டு சுரப்பிகள் இருக்கு. பேரு பார்த்தோலின் சுரப்பி. 17ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த டென்மார்க் நாட்டு உடற்கூறு அறிஞர் காஸ்பர் பார்த்தோலின் பேரில் வந்த பெயர். யோனி வாசலைக் கடிகார முகப்பா நினைச்சா, 4 மணி, 8 மணி இருக்கிற இடத்தில் இதுங்க திறக்கும்.

6/ வேலை? அந்தப் பகுதியை ஈரப்பதமா வச்சிருக்கிற வழுவழுப்பான நீரைச் சுரக்கிறது. சுரப்பி நல்லா இருக்கும்போது கையில் தட்டுப்படவே படாது. அதிலிருந்து சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாய் வழியா நீர் வெளியே வரும். அந்தக் குழாயின் வாய் அடைச்சுக்கிட்டா நீர் உள்ளேயே தேங்கும். அதுதான் நீர்க்கட்டி.

7/ நீர்க்கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் வரும். சின்னதா இருந்தா வலியே இருக்காது. குளிக்கும்போது தற்செயலா கையில் படும், அவ்வளவுதான். தேங்கின நீரில் கிருமி சேர்ந்தா கதை மாறும். ரெண்டு மூணு நாளில் எலுமிச்சை அளவுக்கு வீங்கலாம். சிவந்து, சூடா, தொட்டா உயிர் போற மாதிரி வலிக்கும். நடந்தா வலி, உட்கார்ந்தா வலி, ஸ்கூட்டியில் ஏறினா வலி. அதுதான் சீழ்க்கட்டி.

8/ இது அபூர்வமான நோயா? இல்ல. நூறு பெண்களில் சுமார் ரெண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்தோலின் நீர்க்கட்டியோ சீழ்க்கட்டியோ வருதுன்னு மருத்துவ நூல்கள் சொல்லுது. இருபதுகளில், முப்பதுகளில் அதிகம். உங்க தெருவிலயே ரெண்டு மூணு பேருக்கு வந்திருக்கும். யாரும் சொல்லாததால யாருக்கும் தெரியாது. அதனால ஒவ்வொருத்தரும், “உலகத்துலயே எனக்கு மட்டும்தான்”னு நினைச்சுக்கிறாங்க.

9/ இப்ப வீட்டில் கேட்கிற கேள்விகள்.

“உடம்பு சூடு, அதான் சூட்டுக்கட்டி.” இல்ல. மாம்பழம், கோழி, வெயில் எதுவும் இந்தக் குழாயை அடைக்காது.

“சுத்தமா இல்லாததால வந்துச்சு.” இல்ல. தினமும் ரெண்டு வேளை குளிக்கிறவங்களுக்கும் வருது.

“தப்பான சகவாசம்.” இது தனியா ஒரு பதிவுக்கு உரியது. அடுத்ததில் சொல்றேன்.

10/ சீழைப் பரிசோதிச்சா பெரும்பாலும் அகப்படுறது நம்ம குடலிலும் தோலிலும் சாதாரணமா இருக்கிற கிருமிகள். ஈ.கோலை அதில் முக்கியமானது. சில சமயம் கொனோரியா, கிளமிடியா மாதிரி பாலுறவால் பரவும் கிருமிகளும் இருக்கலாம், அதனால தேவைப்பட்டா டாக்டர் அதுக்கும் டெஸ்ட் எடுப்பார். ஆனா கட்டி வந்துச்சுங்கிறதை மட்டும் வச்சு யாரோட நடத்தையையும் முடிவு பண்ண முடியாது. கணவர்களே, மாமியார்களே, இதை ரெண்டு தடவை படிங்க. பாலுறவே இல்லாத பெண்ணுக்கும் இது வரும்.

11/ அந்தப் பகுதியில் வர்ற எல்லாக் கட்டியும் பார்த்தோலின் கிடையாது. ரோமக்காலில் வர்ற சீழ்க்கொப்புளம் இருக்கு. ஷேவிங், வேக்சிங் பண்ணின பிறகு, நம்ம சென்னை வியர்வையில், இறுக்கமான ஜீன்ஸில் இது ரொம்ப சகஜம். இது வெளித்தோலில், முடி இருக்கிற இடத்தில் வரும். பார்த்தோலின் கட்டி வாசலை ஒட்டி, கீழ்ப்பக்கம் வரும்.

12/ சுகப்பிரசவத்தில் தையல் போட்ட தழும்பில் வர்ற தோல்கட்டி இருக்கு. மாதவிடாய் சமயத்தில் மட்டும் வீங்கி வலிக்கிற தழும்பு இருந்தா, அங்கே எண்டோமெட்ரியோசிஸ் திசு இருக்கலாம். சிறுநீர்த் துவாரத்தை ஒட்டி வர்ற ஸ்கீன் சுரப்பிக் கட்டி இருக்கு. கீழே விழுந்து அடிபட்டா ரத்தக்கட்டு வரும். நின்னா பெருசாகி, படுத்தா மறையுற வீக்கம் குடலிறக்கமா இருக்கலாம். கர்ப்பத்தில் நரம்பு சுருண்டு வீங்கலாம்.

13/ அக்குளிலும் தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுத்தியும் மாத்தி மாத்திக் கட்டி வந்து, உடைஞ்சு, குழியா தழும்பாகுதா? அது ஹைட்ராடினைட்டிஸ் சப்புரட்டிவாங்கிற தோல் நோயா இருக்கலாம். வருஷக்கணக்கா ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியா வெட்டிக்கிட்டே இருப்பாங்க, நோய்க்குப் பேரே தெரியாம. அவங்க தோல் மருத்துவரைப் பார்க்கணும். இதுக்குன்னே தனி சிகிச்சை இருக்கு.

14/ இத்தனை வகை சொல்றது பயமுறுத்த இல்ல. கண்ணாடி வச்சுப் பார்த்தோ, கூகுளில் படம் தேடியோ, தோழிக்கு வந்ததை வச்சோ இதை முடிவு பண்ண முடியாதுங்கிறதுக்காகத்தான். நேரில் பார்க்கிற டாக்டருக்கு ரெண்டு நிமிஷ வேலை. பெரும்பாலான நேரம் ஸ்கேன்கூடத் தேவைப்படாது.

15/ சரி, வீட்டில் என்ன பண்ணலாம்? கட்டி சின்னது, காய்ச்சல் இல்ல, நடக்க முடியுது, சர்க்கரை இல்ல, கர்ப்பம் இல்லன்னா ரெண்டு மூணு நாள் வீட்டு வைத்தியம் பார்க்கலாம். அதில் முதலிடம் வெந்நீர் இடுப்புக் குளியல். ‘சிட்ஸ் பாத்’னு மெடிக்கல் ஷாப்பில் வெஸ்டர்ன் டாய்லெட் மேல வைக்கிற தொட்டி கிடைக்குது. இல்லன்னா அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும்.

16/ கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணி. இடுப்புக்குக் கீழே முங்குற மாதிரி 10 முதல் 15 நிமிஷம். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. தண்ணியில் டெட்டால் வேண்டாம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். வெறும் தண்ணி. முடிஞ்சதும் மெதுவா ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. ஹாஸ்டலில் இதுக்கு வழியே இல்லையா? சுத்தமான துணியை வெந்நீரில் நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தடம் கொடுங்க. கால் மரத்துப்போற அளவுக்குச் சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சூடு தெரியாது, வேற யாராவது தண்ணியைத் தொட்டுப் பார்க்கணும்.

17/ வலிக்கு பாராசிட்டமால் 650 மில்லிகிராம் ஒண்ணு. ஆறு மணி நேர இடைவெளி விடுங்க, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். கல்லீரல் பிரச்சினை இருக்கிறவங்க கேட்டுட்டுப் போடுங்க. தளர்வான காட்டன் உள்ளாடை. கட்டி ஆறும் வரை ஷேவிங் வேண்டாம், பாலுறவு வேண்டாம். சின்னக் கட்டி சில சமயம் தானா உடைஞ்சு வடிஞ்சு, அப்படியே சரியாகிடும்.

18/ செய்யவே கூடாதவை. நகத்தால கிள்றது. ஊசியைத் தீயில் காட்டிக் குத்துறது. பிளேடு. பிதுக்கிறது. இதெல்லாம் சீழை உள்பக்கம் தள்ளும், புதுக் கிருமியை உள்ளே விடும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போடுறது நம்ம ஊர்ப் பழக்கம். முதுகில் வர்ற கட்டிக்கு நம்ம பாட்டி போட்டிருப்பாங்க. பிறப்புறுப்பின் தோல் முதுகுத் தோல் கிடையாது. சுண்ணாம்பு அங்கே புண்ணாக்கிடும். கட்டியோட தீக்காயத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

19/ அடுத்தது, எனக்கு அதிகம் கோபம் வர்ற விஷயம். மெடிக்கல் ஷாப்பில், “கட்டி வந்திருக்கு, ஒரு மாத்திரை குடுங்க”ன்னு வாங்கி மூணு நாள் ஆன்டிபயாடிக் போடுறது. எங்க கட்டின்னு அவரும் கேட்க மாட்டார், இவங்களும் சொல்ல மாட்டாங்க. ஆன்டிபயாடிக்கை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. முக்கியமான பல மருந்துகளுக்கு எச்-1 அட்டவணைன்னு 2014லிருந்து கூடுதல் கட்டுப்பாடும் இருக்கு. கவுன்டரில் அது எவ்வளவு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

20/ சட்டத்தை விடுங்க, அந்த மாத்திரை வேலை செய்யுமாங்கிறதுதான் கேள்வி. சீழ் ஒரு பை மாதிரி மூடிக்கிட்டு இருக்கு. அந்தப் பைக்குள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் போற மருந்து உள்ளே சரியா போய்ச் சேராது. காய்ச்சல் கொஞ்சம் அடங்கும், வலி கொஞ்சம் குறையும், “சரியாகிடுச்சு”ன்னு தோணும். நாலாம் நாள் திரும்ப வரும். சீழ் இருந்தா அதை வெளியே எடுக்கணும்ங்கிறது அறுவை சிகிச்சையிலேயே ரொம்பப் பழைய விதி. ஆன்டிபயாடிக் அதுக்குத் துணை. அதுக்குப் பதில் ஆகாது.

21/ இப்ப முக்கியமான பகுதி. இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

அதே நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டியவங்க:
– 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், குளிர் நடுக்கம்
– உட்காரவோ நடக்கவோ முடியாத வலி
– ஒரே நாளில் மளமளன்னு பெருசாகிற கட்டி
– சுத்தி இருக்கிற தோலில் பரவுற சிவப்பு
– சிறுநீர் போக முடியலன்னா
– கர்ப்பிணிகள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவங்க
– சர்க்கரை நோய் இருக்கிறவங்க, ஸ்டீராய்டு அல்லது கீமோதெரபி எடுக்கிறவங்க, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க

22/ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதவங்க:
– தோல் கருநீலமா, கறுப்பா மாறினா
– தோலில் நீர்க்கொப்புளம், துர்நாற்றம்
– பார்க்கிறதுக்குச் சின்னதா இருந்தும் தாங்கவே முடியாத வலி, அல்லது வலிச்ச இடம் திடீர்னு மரத்துப் போறது
– மயக்கம், பேச்சுக் குழறல், வேகமான மூச்சு

இரவு ரெண்டு மணியா இருந்தாலும் 108க்குக் கூப்பிடுங்க. கிளினிக் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி.

23/ ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? தோலுக்கு அடியில் வேகமா பரவி சதையை அழுக வைக்கிற தொற்று ஒண்ணு இருக்கு. அரிதுதான். வந்தா மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்களுக்கு வாய்ப்பு அதிகம். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அதில் நம்ம அம்மாக்கள், அத்தைகள் எத்தனை பேர்! இந்த மாதிரிக் கட்டியை மருமகள்கிட்டகூடச் சொல்ல மாட்டாங்க அவங்க.

24/ இன்னொண்ணு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்ல மாத்திரைகள் இப்ப நிறையப் பேர் எடுக்கிறாங்க. சிறுநீரில் சர்க்கரையை வெளியேத்துறதுதான் இதன் வேலை. பிறப்புறுப்புப் பகுதியில் இப்படிப்பட்ட கடுமையான தொற்று மிக அரிதா வரலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லேயே எச்சரிச்சிருக்கு. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அது நல்ல மருந்து. அந்த மாத்திரை எடுக்கும்போது அங்கே வலி, வீக்கம், சிவப்பு வந்தா அன்னைக்கே காட்டுங்க. மாத்திரைப் பேரையும் சொல்லுங்க.

25/ அவசரம் இல்ல, ஆனா தள்ளிப் போடவும் கூடாதவங்க: நாலஞ்சு நாள் வெந்நீர் வச்சும் குறையாத கட்டி. திரும்பத் திரும்ப வர்ற கட்டி. 40 வயசுக்கு மேல முதன்முறையா வர்ற கட்டி. கல்லு மாதிரி கெட்டியா, நகராம இருக்கிற கட்டி. ஆறாத புண், ரத்தக்கசிவு, மாசக்கணக்கா அரிப்பு, தோல் நிறம் மாறுறது.

26/ 40க்கு மேலன்னு ஏன் பிரிச்சுச் சொல்றேன்? மாதவிடாய் நிக்கிற வயசை நெருங்கும்போது இந்தச் சுரப்பி சுருங்கிடும். புதுசா நீர்க்கட்டி வர்ற வாய்ப்பு குறையும். அப்ப வர்ற கட்டியில், அரிதா, புற்றுநோய் இருக்கலாம். அதனால சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கலாமான்னு டாக்டர் யோசிப்பார். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தா, ஆரம்பத்துல பிடிச்சா குணப்படுத்தலாம். அந்த அத்தைகிட்ட, “இந்த வயசுல அங்கெல்லாம் எதுக்குக் காட்டிக்கிட்டு”ன்னு சொல்லிடாதீங்க.

27/ டாக்டர்கிட்ட போனா என்ன பண்ணுவாங்க? இந்தப் பயம்தான் பாதிப் பேரை நிறுத்துது. முதல்ல கேள்விகள். எத்தனை நாளா, இதுக்கு முன்னாடி வந்திருக்கா, சர்க்கரை, கர்ப்பம், மருந்து அலர்ஜி. அப்புறம் பரிசோதனை. கட்டி வெளியிலேயே தெரியும். பெரும்பாலும் உள்ளே கருவி வைக்கத் தேவையே இருக்காது. டாக்டர் ஆணா இருந்தா கூட ஒரு பெண் உதவியாளர் இருக்கணும். டாக்டர் பெண்ணா இருந்தாலும் அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

28/ வலி இல்லாத சின்ன நீர்க்கட்டின்னா ஒண்ணுமே செய்யத் தேவையில்ல. “இருக்கட்டும், பெருசானா வாங்க”ன்னு அனுப்பினா டாக்டர் அலட்சியம் பண்றார்னு நினைக்காதீங்க. அதுதான் சரியான வைத்தியம்.

29/ சீழ் கட்டியிருந்தா மரத்துப்போற ஊசி போட்டு, சின்னதா கீறி சீழை வெளியேத்துவாங்க. ஊசி குத்துறது வலிக்கும், மறைக்க மாட்டேன். சீழ் வெளியான அடுத்த நிமிஷமே, “அப்பாடா”ன்னு ஒரு பெருமூச்சு வரும் பாருங்க, அதுக்காகவே இந்த வேலையை எனக்குப் பிடிக்கும். கீறலை பெரும்பாலும் உள்பக்கச் சவ்வில்தான் போடுவாங்க. வெளியே தழும்பு தெரியாது.

30/ வெறுமனே கீறி விட்டா வாய் சீக்கிரம் மூடிக்கும், திரும்ப வரும். அதனால புது வாசல் ஒண்ணு உண்டாக்கப் பார்ப்போம். ஒரு வழி, வேர்ட் கதீட்டர். அமெரிக்க மருத்துவர் ஒருத்தர் 1960களில் கண்டுபிடிச்ச சின்ன ரப்பர் குழாய், அவர் பேராலேயே அழைக்கிறோம். நுனியில் இருக்கிற குட்டி பலூனில் ரெண்டு மூணு மில்லி தண்ணி ஏத்தி நாலஞ்சு வாரம் உள்ளேயே விடுவோம். அதைச் சுத்திப் புது வழி உருவாகும். கிடைக்காத இடத்தில் சின்ன சைஸ் ஃபோலி கதீட்டரை வச்சுச் சமாளிக்கிறவங்களும் உண்டு.

31/ இன்னொரு வழி, மார்சுபியலைசேஷன். கட்டியைத் திறந்து, அதன் ஓரங்களைத் தோலோட சேர்த்துத் தைச்சு, நிரந்தர வாசலா வச்சிடுவோம். எது உசத்தி? நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் 161 பெண்களை வச்சு ரெண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2017ல் வந்தது. ஒரு வருஷத்தில் திரும்ப வந்தது கதீட்டரில் 12 சதவீதம், தையலில் 10 சதவீதம். ஏறக்குறைய ஒண்ணுதான். சுரப்பியையே எடுக்கிற ஆபரேஷனில் ரத்தக்கசிவு அதிகம். மத்ததெல்லாம் தோத்துப் போனாதான் அது. முதல் தடவையே, “சுரப்பியை எடுத்துடலாம்”னு யாராவது சொன்னா இன்னொரு டாக்டரையும் கேளுங்க.

32/ கல்யாணமாகாத பொண்ணுங்களும் அவங்க அம்மாக்களும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி: “கன்னித்திரைக்கு ஒண்ணும் ஆகிடாதே?” கட்டியைப் பார்க்கிறதுக்கும் கீறுறதுக்கும் யோனிக்குள்ளே போக வேண்டியதில்ல. அதைவிட முக்கியம், அந்தச் சவ்வை வச்சு ஒரு பெண்ணைப் பத்தி எதையும் சொல்ல முடியாது. அதுக்கு அறிவியல் அடிப்படையே இல்ல. இரு விரல் பரிசோதனை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டிப்பா சொன்ன தீர்ப்பிலும் இதுதான் அடிப்படை. இல்லாத ஒண்ணைக் காப்பாத்த, இருக்கிற உடம்பைச் சீழ் பிடிக்க விடாதீங்க.

33/ இப்ப எங்க தரப்புக்கு வர்றேன். சக மருத்துவர்களே, நாமும் மாறணும். கட்டியோட வந்த பொண்ணுகிட்ட முதல் கேள்வியே, “கல்யாணம் ஆச்சா?”ன்னு ஏன் கேட்கணும்? பாலுறவு பத்தித் தெரியணும்னா காரணத்தைச் சொல்லி, தனியா, நேரடியா கேட்கலாம். அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லலாம். இருபது வயசுப் பொண்ணு அம்மா முன்னாடி உண்மை சொல்லாது. சொல்லலன்னா நம்ம வைத்தியமும் பாதிதான் நடக்கும்.

34/ ரிசப்ஷனும் அப்படித்தான். பதினைஞ்சு பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில், டி.வி. சத்தத்துக்கு மேல, “என்ன ப்ராப்ளம்மா?”ன்னு கேட்டா, அந்தப் பொண்ணு என்ன சொல்லும்? “காய்ச்சல்”னு சொல்லும். அப்புறம் காய்ச்சல் வரிசையில் பத்தாவது ஆளா, உட்கார முடியாம நின்னுக்கிட்டே இருக்கும். ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் வைக்க எவ்வளவு செலவாகும்?

35/ சென்னைக்கு இந்தப் பிரச்சினை புதுசு இல்ல. ஆண் மருத்துவர்கிட்ட காட்ட மாட்டாம பெண்கள் செத்துப்போறதைப் பார்த்துத்தான் மேரி ஷார்லீப்னு ஒரு ஆங்கிலேயப் பெண் 1875ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷம் அங்கே சேர்ந்த பெண்கள் நாலே பேர். 1885ல், வெளியே முகம் காட்டாத கோஷா பெண்களுக்காக இங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். ‘கோஷா ஆஸ்பத்திரி’ன்னு நம்ம பாட்டிகள் சொன்னது அதைத்தான். இன்னைக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

36/ அதே கல்லூரியில் படிச்சு 1912ல் பட்டம் வாங்கினவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் 1954ல் தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வேளச்சேரியிலிருந்து எவ்வளவு தூரம்? பஸ்ஸில் அரை மணி. வாசல்களை அவங்க திறந்து வச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கோஷா துணி போயிடுச்சு. அந்த வெட்கம் மட்டும் இன்னும் நம்ம வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருக்கு.

37/ காசு இல்லன்னு தள்ளிப் போடாதீங்க. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். அங்கே முடியாதுன்னா எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருக்கு, கஸ்தூர்பா இருக்கு. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினா திருவல்லிக்கேணியில் இறங்கலாம். அரசு மருத்துவமனையில் கட்டியைக் கீறி சீழ் எடுக்கக் கட்டணம் கிடையாது.

38/ வார்த்தை வரலையா? அதுதான் பெரிய தடைன்னு நான் நினைக்கிறேன். கைக்கும் காலுக்கும் பேரு சொல்லிக் கொடுக்கிற நாம, இதுக்கு மட்டும் ‘அங்க’, ‘கீழ’, ‘அந்த இடம்’னு சொல்லிக் கொடுத்துட்டோம். பேர் இல்லாத இடத்துக்கு வலின்னா யாருகிட்ட எப்படிச் சொல்றது? வீட்டில் பெண் குழந்தை இருந்தா, ‘பிறப்புறுப்பு’ங்கிற சொல்லை மூக்கு, காது மாதிரி சாதாரணமா சொல்லிக் கொடுங்க. நாளைக்கு அந்தக் குழந்தையைக் காப்பாத்தப் போறது அந்த ஒரு சொல்லா இருக்கலாம்.

39/ வாயால் சொல்ல முடியலன்னா எழுதிக் கொடுங்க. இதை அப்படியே காப்பி பண்ணிக்கலாம்:

“பிறப்புறுப்பில் வலியுள்ள கட்டி. ___ நாளாக இருக்கிறது. காய்ச்சல் உண்டு / இல்லை. சர்க்கரை உண்டு / இல்லை. கர்ப்பம் உண்டு / இல்லை. உட்கார முடியவில்லை. தனியாகப் பேச வேண்டும்.”

எந்த டாக்டரும் இதைப் படிச்ச உடனே புரிஞ்சுப்பார். ஹாலில் நீங்க வாய் திறக்கவே வேண்டாம்.

40/ ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அம்மாவோ மனைவியோ தங்கச்சியோ ரெண்டு நாளா சாய்ஞ்சு சாய்ஞ்சு உட்கார்றாங்க, வண்டியில் ஏற மாட்டேங்கிறாங்கன்னா, “என்னாச்சு?”ன்னு ஒரு தடவை கேளுங்க. காரணம் சொல்லலன்னாலும், “டாக்டர்கிட்ட போலாமா? நான் வெளியே நிக்கிறேன்”னு சொல்லுங்க. அது போதும். அலுவலகத்தில் மேனேஜரா இருக்கிறவங்க, “ஹெல்த் இஷ்யூ, லீவ் வேணும்”னு மெசேஜ் வந்தா என்ன இஷ்யூன்னு துருவாதீங்க.

41/ கடைசியா ஒரு வேண்டுகோள். இதைப் படிச்சுட்டு இன்பாக்ஸில் போட்டோ அனுப்பாதீங்க. போட்டோவில் கட்டியைத் தொட்டுப் பார்க்க முடியாது, சூடு தெரியாது, சீழ் இருக்கான்னு தெரியாது. அந்தப் படம் யார் கைக்குப் போகும்னும் சொல்ல முடியாது. வேற டாக்டர்னு சொல்லிக் கேட்கிறவங்களுக்கும் அனுப்பாதீங்க. பக்கத்துல இருக்கிற மகளிர் மருத்துவரை நேரில் பாருங்க. பொதுவான சந்தேகம்னா கீழே கேளுங்க, ராத்திரி ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.

42/ லைக் வேண்டாம். பொதுவில் பகிர கூச்சமா இருந்தா பரவால்ல, 21, 22 ரெண்டையும் மட்டும் உங்க அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. “எதுக்குடி இதெல்லாம் அனுப்புற?”ன்னு திட்டுவாங்க. திட்டட்டும். படிச்சிருப்பாங்க.